வேண்டா அஞ்சலை விலக்கும் வழிகள்
(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுதல் மரபு. அதற்குரிய புலமை நிரம்பியோர் நமக்கு முன்னும் பேசினர். பின்னும் பேச இருக்கின்றனர். ஆதலின் நாம் அத்துறையில் கால் வையாது, நம் ஒவ்வொருவர் வாயிலிலும் நாள்தோறும் வந்து நிற்கும் ஒரு தொல்லையைப் பற்றிச் சில சொல்ல விழைகிறோம். கேளாமலே மின்னஞ்சலில் வந்து குவியும் வேண்டாத கடிதங்களே அத்தொல்லை. ஆங்கிலத்தில் அதனை 'ஸ்பேம்' என்பர். நாம் 'குப்பை அஞ்சல்' என்போம். அதனைத் தடுக்க உலகம் கண்ட வழிகள் யாவை, ஒவ்வொன்றாலும் விளையும் நன்மை யாது, தீமை யாது, நம்போன்றோர்க்கு ஏற்றது எது என்பனவே இவ்வுரையின் பொருள்.

இதனைப் பேசுதற்கு நாம் வாழும் இந்நகர் மிகவும் பொருத்தமான இடமாகும். நாள்தோறும் பேருந்து நிறுத்தத்தின் பெயராக 'ஈ.சி.ஐ.எல்.' என்று சொல்லிப் பழகிவிட்டோம். அந்த இந்திய மின்னணுக் கழகம் 1967ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் ஐதராபாத்தில் தோன்றியது. அதனை உருவாக்கி வளர்த்த அறிவியலறிஞர் ஏ.எஸ். ராவ் அவர்களின் பெயரையே நம் நகர் தாங்கி நிற்கின்றது. டிராம்பே அணு ஆராய்ச்சி நிலையத்திற் கருவாகி 1969இல் வெளிவந்த டி.டி.சி. 12 என்னும் கணிப்பொறியைச் செய்தளித்தது இக்கழகமே. கணிப்பொறி இந்நாட்டில் தவழத் தொடங்கிய மண்ணில் நின்று, அக்கணிப்பொறி வழியே வரும் நன்மை தீமைகளை ஆராய்வது தகும் அன்றோ?

"குப்பைக் கடிதம் வந்தால் ஒரு விரலால் அழித்துவிடலாமே; இதற்கு ஒரு சொற்பொழிவா?" என்று சிலர் எண்ணக்கூடும். அன்னோர்க்கு இரண்டு நிகழ்ச்சிகளைக் கூறுவோம். நமக்குப் பழக்கமான முதியவர் ஒருவர்க்கு, ஓய்வூதியக் கணக்கைப் புதுப்பிக்க வேண்டும் என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. அதனை மெய்யென நம்பிக் கேட்ட விவரங்களையெல்லாம் எழுதி அனுப்பினார். மகளின் திருமணத்துக்கென்று சேர்த்திருந்த தொகையிற் பெரும்பகுதி அன்று மாலைக்குள் கணக்கைவிட்டுப் போயிற்று. இஃது ஒன்று. நமக்குப் பழக்கமான இளைஞர் ஒருவர்க்கு வேலைக்கான நேர்காணல் அழைப்பு மின்னஞ்சலில் வந்தது. அது குப்பைப் பெட்டியிற் போய் விழுந்தது. அவர் கண்ணிற் பட்டபோது நேர்காணல் முடிந்து ஒன்பது நாட்கள் ஆகியிருந்தன. இது மற்றொன்று.

முன்னவர்க்குத் தீய கடிதம் உள்ளே வந்ததால் கேடு. பின்னவர்க்கு நல்ல கடிதம் உள்ளே வராமையால் கேடு. தராசின் இரு தட்டுகள் இவையே. குப்பை அஞ்சலைத் தடுக்கும் வழி எதுவாயினும், அதனை இவ்விரு தட்டுகளிலும் வைத்து நிறுக்க வேண்டும். 'எவ்வளவு குப்பையைத் தடுத்தது?' என்று மட்டும் கேட்பது அரை வழக்கு. 'எத்தனை நல்ல கடிதங்களைத் தொலைத்தது? அத்தொலைவின் துன்பம் யார் தலையில் விழுந்தது?' என்றும் கேட்டாற்றான் வழக்கு முழுமை பெறும்.

முதலில் இத்தொல்லை பிறந்த கதையைச் சுருக்கமாகக் காண்போம். 1978ஆம் ஆண்டு மே திங்களில், அமெரிக்காவின் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தைச் சார்ந்த கேரி துயர்க் என்பார், தம் நிறுவனத்தின் புதிய கணிப்பொறியைக் காண வருமாறு ஏறத்தாழ 400 பேர்க்கு ஒரே கடிதத்தை அனுப்பினார். அக்காலத்து 'அர்ப்பாநெட்' என்னும் வலையில் இருந்தோர் மிகச் சிலரே. அவர்களிற் பலர் சினங்கொண்டனர். முதற் குப்பை அஞ்சல் என இன்று எல்லோரும் சுட்டுவது அதனையே. பின்னர் 1994இல் அரிசோனாவைச் சார்ந்த வழக்கறிஞர் இணையர், அமெரிக்கக் குடியேற்ற உரிமைக்கான குலுக்கல் பற்றிய விளம்பரத்தை 'யூஸ்நெட்' என்னும் கருத்துப் பரிமாற்ற வலையின் ஆயிரக்கணக்கான குழுக்களிற் கொட்டினர். வாணிகக் குப்பையின் பெருவெள்ளம் அன்று தொடங்கியது. 'ஸ்பேம்' என்பது 1937 முதல் அமெரிக்காவில் விற்கப்படும் தகரக்குவளை இறைச்சி ஒன்றின் பெயர். 1970இல் ஒளிபரப்பான ஆங்கில நகைச்சுவை நாடகம் ஒன்றில், ஓர் உணவு விடுதியில் எதைக் கேட்டாலும் அதே இறைச்சி வருவதாகக் காட்டினர். வேண்டாம் என்றாலும் விடாது வரும் பொருளுக்கு அப்பெயரே நிலைத்துவிட்டது.

இக்குப்பை ஏன் ஒழியவில்லை? அனுப்புவோனுக்குச் செலவில்லை என்பதே காரணம். அஞ்சலட்டை போடுகிறவன் அட்டைக்கு விலை கொடுக்கிறான். இரயிலில் சரக்கு அனுப்புகிறவன் எடைக்குக் கட்டணம் கட்டி, அனுப்புநர் பெயரும் பெறுநர் பெயரும் எழுதிக் கொடுத்த பின்னரே சரக்கு ஏற்றப்படுகின்றது. மின்னஞ்சலுக்கோ கட்டணமும் இல்லை. பெயரைச் சரிபார்ப்பாரும் இல்லை. 1982இல் ஜான் போஸ்டல் என்னும் அறிஞர் வகுத்தளித்த மின்னஞ்சல் விதிமுறை, ஒருவரையொருவர் அறிந்த சிறு கூட்டத்துக்காக எழுதப்பட்டது. 'இன்னார் எழுதுவது' என்று உறையின்மேல் யார் பெயரை எழுதினாலும் அவ்விதிமுறை அதனை நம்பியது.

இதன் விளைவை ஓர் ஆராய்ச்சி நன்கு காட்டுகின்றது. 2008இல் கலிபோர்னியப் பல்கலைக்கழக அறிஞர்கள் ஒரு குப்பை அஞ்சல் கூட்டத்தின் போக்கை உள்ளிருந்தே அளந்தனர். ஏறத்தாழ 35 கோடி மருந்து விளம்பரக் கடிதங்கள் புறப்பட்டன. அவற்றால் நடந்த விற்பனை 28 மட்டுமே! எந்தக் கடைக்காரரும் இக்கணக்கைக் கண்டால் கடையை மூடிவிடுவார். ஆனால் கடிதத்துக்குச் செலவு சுழியாதலின், 28 விற்பனையும் ஆதாயமே. 'சுண்டைக்காய் காற்பணம், சுமைகூலி முக்காற்பணம்' என்பார்கள். ஈண்டு சுண்டைக்காய் அவனுடையது. சுமைகூலி கொடுப்பவர் நாம். உலகில் ஓடும் மின்னஞ்சல்களில் ஏறத்தாழப் பாதி இன்றும் குப்பையே என்று பாதுகாப்பு நிறுவனங்கள் கணக்கிடுகின்றன. அத்துணையையும் சுமக்கும் கம்பிக்கும் பொறிக்கும் மின்சாரத்துக்கும் ஆகும் செலவு, பெறுவோர் தலையிலேயே சுற்றி வந்து விழுகின்றது.

நிற்க. இனித் தடுக்கும் வழிகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, தடைப்பட்டியல். குப்பை எந்தக் கணிப்பொறியிலிருந்து வருகின்றதோ அதன் எண்ணைக் குறித்துவைத்து, அங்கிருந்து வரும் எதனையும் வாங்க மறுப்பது இம்முறை. 1997இல் பால் விக்சி முதலானோர் இத்தகைய பட்டியலை நடத்தத் தொடங்கினர். 1998இல் ஸ்டீவ் லின்ஃபோர்டு இலண்டனில் தொடங்கிய 'ஸ்பாம்ஹாஸ்' இன்றளவும் பலர் நம்பும் பட்டியலாக விளங்குகின்றது. இதன் நன்மை விரைவு, கடிதத்தைப் பிரித்துப் படிக்க வேண்டுவதில்லை, வாயிலிலேயே திருப்பிவிடலாம். இதன் தீமை யாதெனில், ஒரே கணிப்பொறியைப் பல நூறு நிறுவனங்கள் பகிர்ந்துகொள்ளும் இக்காலத்தில், ஒருவன் செய்த குற்றத்துக்குத் தெருவே தண்டனை பெறுகின்றது. குற்றமற்றவன் பட்டியலிலிருந்து தன் பெயரை நீக்க எவரிடம் முறையிடுவது என்று தெரியாமல் அலைவான். குற்றவாளியோ மறுநாளே வேறு கணிப்பொறிக்குக் குடிபோய்விடுவான்.

இரண்டாவது, கடிதத்தின் சொற்களைக் கொண்டு தரம் பிரிக்கும் வடிகட்டி. 2002ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் பால் கிரகாம் என்னும் அறிஞர் ஒரு கட்டுரையில் இதனை விளக்கினார். அவருக்கு முன்னரும் சிலர் முயன்றிருந்தனராயினும், இம்முறையை உலகறியச் செய்தது அவர் கட்டுரையே. 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பேய்ஸ் என்னும் ஆங்கிலப் பாதிரியார் கண்ட நிகழ்தகவுக் கணக்கே அதன் அடிப்படை. இதுவரை வந்த குப்பையில் ஒரு சொல் எத்தனை முறை வந்தது, நல்ல கடிதங்களில் எத்தனை முறை வந்தது என்று எண்ணிவைத்து, புதுக் கடிதத்திலுள்ள சொற்களையெல்லாம் சேர்த்துப் பார்த்து, இது குப்பையாக இருக்கும் வாய்ப்பு எவ்வளவு என்று பொறியே கணக்கிடும். இன்றைய பெரிய அஞ்சற் சேவைகள் இதனினும் நுட்பமான கற்கும் பொறிகளைப் பயன்படுத்துகின்றன.

இதன் நன்மை பெரிது. நம் அஞ்சற்பெட்டி இன்று ஓரளவு தூய்மையாக இருப்பதற்கு இவ்வடிகட்டிகளே முதற் காரணம். ஆயின் தீமைகள் மூன்று. ஒன்று, எதிரியும் கற்கிறான். சொல்லைச் சிதைத்து எழுதுகிறான். சொல்லே இல்லாமற் படமாக அனுப்புகிறான். இரண்டு, எடுத்துக்காட்டுகள் மிகுதியாகக் கிடைக்கும் மொழியிலேயே பொறி நன்கு கற்கும். தமிழில் 'பணம்' என்னும் ஒரு சொல்லே பணத்தை, பணத்துக்கு, பணத்தால், பணமாக என்று பல வடிவு கொள்ளும். சொல்லை மட்டும் எண்ணும் எளிய வடிகட்டி இவற்றை வெவ்வேறு சொற்களாகக் கருதித் தடுமாறும். மூன்றாவதே மிகக் கொடியது: இப்பொறி தவறு செய்தால் அத்தவறு எவர்க்கும் தெரிவதில்லை.

இதனை இரயில்வே வழக்கால் விளக்குவோம். கைகாட்டி பழுதுபட்டால் அது சிவப்பையே காட்ட வேண்டும் என்பது எங்கள் துறையின் விதி. வண்டி தாமதமாகும், பயணிகள் முணுமுணுப்பர், ஆயினும் உயிர்கள் பிழைக்கும். அங்கே வண்டி நிற்பதை ஓட்டுநரும் அறிவார், நிலைய அதிகாரியும் அறிவார், பயணியும் அறிவார். குப்பைப் பெட்டியில் நிறுத்தப்பட்ட நல்ல கடிதத்தை எவர் அறிவார்? அனுப்பியவர் சேர்ந்தது என்று எண்ணுகிறார். பெறவேண்டியவர் வரவேயில்லை என்று எண்ணுகிறார். இருவர்க்கும் இடையே மனத்தாங்கல் மூளுகின்றது. வாயிலிலேயே மறுத்துத் திருப்பினால் அனுப்பியவர்க்காவது செய்தி தெரியும். ஆனால் வாங்கி வைத்துக்கொண்ட பின்னர்த் திருப்பி அனுப்பலாம் என்றாலோ, உறைமேற் பெயர் பொய்யாயின், தொடர்பே இல்லாத ஒருவர் பெட்டியிற் போய் அது விழும். அது மற்றொரு குப்பையாகும்!

மூன்றாவது, அனுப்புவோனுக்குச் செலவு வைப்பது. நோய்க்கு முதற் காரணம் செலவின்மையே என்று கண்டோம். ஆதலின் மருந்தும் அதுவே என்றனர் சிலர். 1992இல் சிந்தியா டுவொர்க், மோனி நாவோர் என்னும் அறிஞர் இருவர், ஒவ்வொரு கடிதத்துக்கும் அனுப்பும் பொறி ஒரு சிறு கணக்கைப் போட்டுக் காட்ட வேண்டும் என்றனர். 1997இல் ஆடம் பேக் 'ஹாஷ்கேஷ்' என்னும் பெயரில் அத்தகைய முறையொன்றைச் செய்து காட்டினார். பத்துக் கடிதம் எழுதுவோனுக்குச் சில நொடிகள் வீணாகும். பத்துக் கோடி கடிதம் அனுப்புவோனுக்கோ பொறிகள் போதா. 2004 ஜனவரியில் டாவோஸ் மாநாட்டில் பில் கேட்ஸ், இத்தகைய முறைகளால் இரண்டே ஆண்டுகளில் இத்தொல்லை தீர்ந்துவிடும் என்று கூறினார். இரண்டு ஆண்டுகள் பத்து முறை கடந்துவிட்டன, தொல்லை தீரவில்லை.

இவ்வழகிய கருத்து ஏன் தோற்றது? திருடன் தன் பொறியிலிருந்து அனுப்புவதில்லை. ஊரார் பொறிகளில் நச்சு நிரலைப் புகுத்தி, அவற்றைத் தன் அடிமைப்படையாக்கி, அவற்றின் வழியே அனுப்புகிறான். கணக்குப் போடும் செலவும் ஊராருடையதே. மற்றொரு பக்கம், ஆயிரம் உறுப்பினர்க்குச் செய்தி அனுப்பும் ஏழைச் சங்கமும் மருத்துவமனையும் பள்ளிக்கூடமும் அச்செலவால் நசுங்கும். செல்வம் படைத்த விளம்பரக்காரன் செலவைப் பொருட்படுத்தான். அஞ்சலில் தோற்ற இக்கருத்து, பின்னாளில் பிட்காயின் என்னும் எண்மப் பணத்தின் உள்ளுறுப்பாக மறுபிறவி எடுத்தது ஒரு வேடிக்கை.

நான்காவது, அறிந்தோர் பட்டியல். நம் பட்டியலில் உள்ளோர் கடிதமே உள்ளே வரும்; புதியவர் எழுதினால், "நீவிர் மனிதரே என்று மெய்ப்பியுங்கள்" என்று ஒரு வினாக் கடிதம் அவர்க்குப் போகும். அமைதியான வாழ்வுக்கு இது நல்ல வழி. ஆனால் பிழைப்புத் தேடி ஊர்விட்டு ஊர் வந்த நம்போன்றோர்க்கு இது பொருந்துமா? நமக்கு வரும் நற்செய்திகளிற் பாதி, முன்பின் அறியாதாரிடமிருந்தே வருகின்றன. வேலை தருவோர் புதியவர். பெண்ணுக்கு வரன் சொல்லி எழுதுவோர் புதியவர். முப்பது ஆண்டுக்குப் பின் முகவரி தேடிப் பிடித்து எழுதும் பள்ளித் தோழரும் பொறிக்குப் புதியவரே. கதவை இறுக அடைத்தால் திருடனும் வரான், விருந்தினரும் வரார்.

ஐந்தாவது, அனுப்புவோர் அடையாளத்தை மெய்ப்பிப்பது. உறைமேல் எழுதிய பெயரை உலகம் கண்மூடி நம்பியதே முதற் குறை என்று கண்டோம். அக்குறையைத் தீர்க்க மூன்று முறைகள் தோன்றின. எஸ்.பி.எஃப். என்பது 2006இல் விதிமுறையாக வெளிவந்தது. 'எம் பெயரில் கடிதம் அனுப்ப உரிமை பெற்ற பொறிகள் இவையே' என்று ஒரு நிறுவனம் ஊரறிய அறிவித்துவைப்பது அது. டி.கே.ஐ.எம். என்பது 2007இல் வந்தது. ஒவ்வொரு கடிதத்திலும் பொய்யாய்ப் போட இயலாத மின்முத்திரை ஒன்றைப் பதிப்பது. டிமார்க் என்பது 2012இல் வந்தது. முத்திரை பொருந்தாக் கடிதத்தை என்ன செய்ய வேண்டும் என்று பெயருக்கு உரியவரே கட்டளையிட்டு வைப்பது. 2024 பிப்ரவரி முதல், நாளொன்றுக்கு 5,000க்கு மேற்பட்ட கடிதங்களை ஜிமெயிலுக்கு அனுப்புவோர் இம்மூன்றையும் கொண்டிருக்க வேண்டும் என்றும், விளம்பரக் கடிதங்களில் ஒரே சொடுக்கில் பெயரை விலக்கிக்கொள்ளும் வசதி வைக்க வேண்டும் என்றும் கூகுள் விதித்தது. யாஹூவும் அவ்வாறே செய்தது.

இதன் நன்மை, வங்கியின் பெயரையோ அரசின் பெயரையோ அப்படியே திருடிப் போட்டுக்கொள்வது அரிதாகின்றது. சுமையும் அனுப்புவோன் தோளுக்கு மாறுகின்றது. தீமை யாதெனில், முத்திரை ஆளை அடையாளம் காட்டுமேயன்றி ஆளின் ஒழுக்கத்தைக் காட்டாது. பயணச்சீட்டு வைத்திருப்பவனெல்லாம் நல்லவன் என்று பரிசோதகர் சொல்ல இயலுமா? வஞ்சகனும் ஓரெழுத்து மாறிய பெயரொன்றைப் பதிவு செய்து, அதற்கு முறையான முத்திரையும் பெற்று வந்துவிடுகிறான். மேலும் இவ்விதிகளைச் செய்துமுடிக்கப் பெரிய நிறுவனங்களுக்கு ஆட்கள் உண்டு; நம்போன்ற சிறு சங்கங்களுக்கு எவர் உளர்?

ஆறாவது, சட்டம். அமெரிக்க நாடு 2003இல் சட்டம் செய்தது. கேளாமலும் அனுப்பலாம், ஆனால் உண்மை முகவரி இருக்க வேண்டும், 'வேண்டாம்' என்றால் நிறுத்த வேண்டும் என்பது அதன் சாரம். ஐரோப்பிய ஒன்றியமோ 2002இலேயே, முன் இசைவு பெறாமல் விளம்பரம் அனுப்பக் கூடாது என்று நெறி வகுத்தது. 'வேண்டாம் என்னும் வரை அனுப்பலாம்' என்பது ஒரு நெறி. 'வேண்டும் என்னும் வரை அனுப்பாதே' என்பது மற்றொரு நெறி. இரண்டாவதே பெறுவோரை மதிப்பது என்பது நம் கருத்து.

நம் நாட்டில் குப்பை மின்னஞ்சலுக்கென்று தனிச் சட்டம் இல்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவில், தொல்லை தரவும் அனுப்பியவர் யாரென ஏமாற்றவும் எழுதப்படும் மின்னஞ்சலைக் குற்றமாக்கும் ஓர் உட்பிரிவு இருந்தது. ஆனால் அப்பிரிவின் சொற்கள் மிகப் பரந்து, பேச்சுரிமையையே நெரித்தமையால், 2015 மார்ச்சு 24ஆம் நாள் உச்சநீதிமன்றம் அப்பிரிவு முழுவதையும் செல்லாதென நீக்கியது. களைக்கென்று வீசிய அரிவாள் பயிரை அறுத்ததால் அரிவாளையே பிடுங்க நேர்ந்தது. ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவோர்க்கு மூன்றாண்டு வரை சிறை விதிக்கும் 66டி பிரிவு இன்றும் உண்டு.

மின்னஞ்சலின் உடன்பிறப்பாகிய தொலைபேசிக் குறுஞ்செய்தித் துறையில் நம் நாடு செய்த சோதனைகள் கவனிக்கத் தக்கன. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2007இல் 'அழைக்க வேண்டாதோர்' பதிவேட்டைத் தொடங்கியது. 2011 செப்டம்பரில் கடுமையான விதிகள் நடைமுறைக்கு வந்தன. 1909 என்னும் எண்ணிற் பதிந்தும் முறையிட்டும் கொள்ளலாம் என்றாயிற்று. அப்போது எவரும் ஒரு நாளில் 100 குறுஞ்செய்திக்கு மேல் அனுப்பலாகாது என்று வரம்பும் இட்டனர். சில வாரங்களில் அது 200 ஆக்கப்பட்டது. 2012இல் தில்லி உயர்நீதிமன்றம் அவ்வரம்பு நல்லோரின் பேச்சுரிமையைத் தடுக்கின்றது என்று நீக்கியது.

பின்னர் 2018 விதிகளின்படி, குறுஞ்செய்தி அனுப்பும் ஒவ்வொரு நிறுவனமும் தன் பெயர்த் தலைப்பையும் செய்தியின் வாசக அமைப்பையும் முன்னதாகவே பதிவு செய்தல் வேண்டும் என்று வகுத்தனர். 2021 மார்ச்சு 8ஆம் நாள் இதனைக் கண்டிப்பாகச் செயற்படுத்தினர். பல நிறுவனங்கள் வாசகங்களைப் பதியாமல் இருந்தமையால், வங்கிகள் அனுப்பிய ஒருமுறைக் கடவுச்சொற்கள் மக்களைச் சென்றடையவில்லை. பணம் செலுத்துவோர் திகைத்து நின்றனர். ஆணையம் மறுநாளே அக்கண்டிப்பை ஒரு வாரம் நிறுத்திவைத்து, பின்னர்ப் படிப்படியாக நடைமுறைப்படுத்தியது. வேலி கட்டும்போது வீட்டார் போகும் வழியையும் விட்டுக் கட்ட வேண்டும் என்பதே அவ்வொரு நாள் கற்பித்த பாடம். 2025 பிப்ரவரியில் விதிகள் மீண்டும் திருத்தப்பட்டன. இப்போது தொல்லை நேர்ந்த ஏழு நாட்களுக்குள் முறையிடலாம். பதிவு பெறாமல் அனுப்புவோர்மேல் ஐந்து நாட்களில் நடவடிக்கை வேண்டும். பத்து நாட்களில் ஐந்து முறையீடுகள் வந்தாலே அது போதும். குறுஞ்செய்தித் தலைப்பின் இறுதியில் விளம்பரத்துக்குப் பி, சேவைக்கு எஸ், கணக்கு நடப்புக்கு டி, அரசுக்கு ஜி என்னும் ஆங்கில எழுத்தும் அமைய வேண்டும். நம் இல்லத்து முதியோர்க்கு இவ்வெழுத்துகளைச் சொல்லிக்கொடுத்தல் நலம்.

சட்டத்தின் நன்மை, நேர்மையான வாணிகரை அது ஒழுங்குக்குக் கொண்டுவரும். அதன் எல்லை, நாட்டின் எல்லை. கடல் கடந்து ஒளிந்திருப்பவன் நம் ஆணையத்துக்கு அஞ்சான். இவ்விதிகள் வாட்ஸாப் போன்ற செயலிகளைத் தொடாமையால், வஞ்சகர் அங்கே குடிபெயர்ந்தனர்.

ஏழாவது, வேரறுத்தல். 2008 நவம்பரில் கலிபோர்னியாவில் 'மெக்கோலோ' என்னும் ஒரு நிறுவனத்தின் இணைய இணைப்பைத் துண்டித்தனர். குப்பை அஞ்சல் கூட்டங்கள் பல தம் அடிமைப்படைகளை அதன் வழியே ஆண்டுவந்தன. உலகக் குப்பை அஞ்சலிற் பாதிக்கும் மேல் ஒரே நாளில் மறைந்தது! ஆயினும் சில திங்களில் அக்கூட்டங்கள் வேறிடம் தேடி, பழைய அளவை எட்டின. வேரறுத்தல் சிறந்ததே, ஆனால் ஒருமுறை அறுத்தால் போதாது.

அன்பர்களே! ஏழு வழிகளையும் நிறுத்துப் பார்த்தோம். தனித்து வென்றது ஒன்றும் இல்லை. ஆயின் இவற்றைக் கோக்கும் நூல் ஒன்று உண்டு. எந்த வழி சுமையை அனுப்புவோன் தோளில் ஏற்றுகின்றதோ அதுவே முதலில் நிற்க வேண்டும். எந்த வழி பெறுவோன் விழிப்பை நம்பி நிற்கின்றதோ அது கடைசியில் நிற்க வேண்டும். ஆகவே, முதலில் அடையாளம், அதனைத் தாங்கச் சட்டம், பிறகு தடைப்பட்டியலும் வடிகட்டியும், இறுதியில் நம் விழிப்பு. இன்று பலர் இவ்வரிசையைத் தலைகீழாக்கி, "ஏமாந்தது உன் தவறு" என்று முதியோரைக் கடிந்துகொள்கின்றனர். பூட்டில்லாத வீட்டைக் கட்டிக்கொடுத்துவிட்டுத் திருட்டுக்கு வீட்டுக்காரரைக் குறை சொல்வது அறமாகுமா?

மற்றொன்றையும் சொல்ல வேண்டும். நாம் குப்பை பெறுவோர் மட்டும் அல்லோம். அனுப்புவோர் என்று ஐயுறப்படுவோரும் ஆவோம். சென்ற ஆண்டு நம் சங்கத்து விழா அழைப்பிதழ் மின்னஞ்சலில் அனுப்பப்பட்டது. உறுப்பினர் பலர், "எங்களை அழைக்கவில்லையே" என்று வருந்தினர். தேடியபோது, அழைப்பிதழ் அவர்கள் குப்பைப் பெட்டிகளிற் கிடந்தது. ஒரே கடிதம், ஒரே நேரத்தில், முன்பு எழுதியிராத பலர்க்குச் சென்றது. பொறியின் கண்ணுக்கு 1978இன் விளம்பரக் கடிதமும் நம் அழைப்பிதழும் ஒன்றுபோலவே தோன்றும். ஊர்விட்டு வந்த இடத்தில் ஒரு குடும்பத்தாரை விழாவுக்கு அழைக்காமல் விட்டோம் என்னும் பேச்சு எவ்வளவு மனக்கசப்பைத் தரும் என்பது உங்களுக்குத் தெரியாததன்று.

ஆதலின் சங்கத்தார்க்கும் உறுப்பினர்க்கும் சில வேண்டுகோள்கள் விடுக்கிறோம். சங்கம் தனக்கெனச் சொந்த இணையப் பெயரைப் பதிந்து, மேற்சொன்ன மூன்று முத்திரைகளையும் அமைத்துக்கொள்ளட்டும். இம்மன்றத்து இளைஞர் ஒருவர் ஒரு பிற்பகலில் அதனைச் செய்துவிடலாம். இசைந்தோர்க்கு மட்டும் கடிதம் செல்லட்டும். விலக விரும்புவோர் விலக எளிய வழி இருக்கட்டும். ஒருவர் முகவரி மற்றவர் கண்ணிற் படாதவாறு மறைபடியாக அனுப்பட்டும்.

உறுப்பினர்கள் சங்கத்தின் முகவரியைத் தம் முகவரிப் பட்டியலிற் சேர்த்துக்கொள்ளுங்கள். சங்கக் கடிதம் வேண்டாமெனில் விலகிக்கொள்ளுங்கள். ஆனால் 'இது குப்பை' என்னும் பொத்தானை அழுத்தாதீர்கள். நீங்கள் அழுத்தும் அழுத்தத்தால் அண்டை வீட்டார்க்கும் கடிதம் சேராமற் போகும். அறியாத வஞ்சகன் கடிதத்திலோ, 'விலகுக' என்னும் இணைப்பை ஒருபோதும் தொடாதீர்கள்; தொட்டால், இம்முகவரியில் ஆள் உண்டு என்று அவனுக்கு நாமே சொன்னதாகும். அதற்குக் குப்பைப் பொத்தானே தக்கது. பல சேவைகளில் குப்பைப் பெட்டியிலுள்ளவை முப்பது நாட்களில் தாமே அழிந்துவிடும். ஆகையால் வாரம் ஒருமுறையேனும் அதனைத் திறந்து பாருங்கள். வேலை தேடும் பிள்ளைகள் உள்ள வீட்டார் நாள்தோறும் பாருங்கள்.

முதியோர் உள்ள இல்லத்தார், பணமோ கடவுச்சொல்லோ கேட்டு வரும் எந்தக் கடிதத்துக்கும் அக்கடிதத்தின் வழியே விடை எழுதலாகாது என்று சொல்லிவையுங்கள். வங்கிப் புத்தகத்தில் அச்சிட்ட எண்ணை அழைத்துக் கேட்பதே முறை. ஒருவேளை பணம் போய்விட்டால், வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்னும் உதவி எண்ணை அழைக்க வேண்டும். விரைந்து சொன்னால், பணம் கைமாறிப் போகுமுன் தடுக்க வாய்ப்பு உண்டு. அவ்வாறு ஏமாந்தவரை வீட்டார் வையாதிருத்தல் மிகவும் வேண்டும். வசவுக்கு அஞ்சியே பலர் முதல் ஒரு மணி நேரத்தை வீணாக்குகின்றனர்.

பெரியோர்களே! ஊரில் தாய் தந்தையர், இங்கே நாம், கடல் கடந்து நம் பிள்ளைகள் என்று மூன்று இடமாய்ப் பிரிந்து வாழும் நமக்குக் கடிதமே உறவுப் பாலம். அப்பாலத்தில் திருடர் நடமாடுதல் கூடாது. திருடர்க்கு அஞ்சிப் பாலத்தை மூடுதலும் கூடாது. நல்ல கடிதம் ஒன்றும் தவறாமற் சேர வேண்டும் என்பதை முதற் குறியாகவும், தீய கடிதத்தைத் தடுப்பதை அடுத்த குறியாகவும் கொண்டு, அடுத்த ஆண்டு விழா அழைப்பிதழ் உங்கள் அனைவர் கைக்கும் தப்பாமல் வந்து சேருமாறு செய்வோமாக!